2.1 வினாடி

நேரலையில் 2 வினாடி மௌனம் விழுந்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தலை உடனே எட்டிப் பார்க்கும். அதனால்தானோ என்னவோ, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் அந்த 2.1 வினாடியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

1992 மார்ச் 28. பிலடெல்ஃபியா ஸ்பெக்ட்ரம் அரங்கம். வென்றவருக்குத் தேசியப் போட்டியின் அரையிறுதி. தோற்றவர் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஒருபுறம் நடப்புச் சாம்பியன் டியூக். மறுபுறம் கென்டக்கி.

டியூக்கை எல்லாருக்கும் தெரியும். கென்டக்கியின் கதைதான் எனக்குப் பிடித்தது. விதிமீறல்களுக்காக 1989இல் அந்த அணிக்கு 2 ஆண்டுகள் தேசியப் போட்டியில் ஆடத் தடை. நல்ல ஆட்டக்காரர்கள் சிலர் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். ஃபார்மர், பெல்ஃப்ரி, ஃபெல்ட்ஹாஸ், வூட்ஸ் ஆகிய நால்வர் மட்டும் நகரவில்லை. தடை நீங்கிய முதல் ஆண்டே அவர்களுக்குக் கல்லூரியில் கடைசி ஆண்டு.

முழுநேர முடிவில் 93-93. கூடுதல் நேரத்தில் முன்னிலை மாறி மாறிப் போனது. கடைசியில் ஷான் வூட்ஸ் தூக்கிப்போட்ட பந்து பலகையில் பட்டு உள்ளே விழ, கென்டக்கி 103, டியூக் 102. மீதம் 2.1 வினாடி.

டியூக் பயிற்றுநர் மைக் ஷஷெவ்ஸ்கி ஒரு திட்டம் சொன்னார். கிராண்ட் ஹில் தம் எல்லைக்கோட்டிலிருந்து பந்தை நேராக மறுமுனைக்கு எறிய வேண்டும்; கிறிஸ்டியன் லேட்னர் பிடிக்க வேண்டும். அதே பருவத்தில் வேக் ஃபாரஸ்ட் அணிக்கு எதிராக இதையே முயன்று, பந்து வளைந்துபோய் ஏமாந்திருந்தார்கள். இம்முறை கென்டக்கி பயிற்றுநர் ரிக் பிட்டினோ, ஹில்லுக்கு முன்னால் யாரையுமே நிறுத்தவில்லை. இன்றுவரை ரசிகர்கள் வாய் ஓயாமல் வாதாடுவது இதைப் பற்றித்தான். எறிபவன் முகத்துக்கு நேரே ஒருவன் கையை உயர்த்தி நின்றிருந்தால்?

பந்து ஏறக்குறைய 75 அடி பறந்தது. முதுகைக் கூடைக்குக் காட்டியபடி பிடித்த லேட்னர் அவசரப்படவில்லை. வலப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, பந்தை ஒருமுறை தரையில் தட்டி, இடப்பக்கம் திரும்பி எறிந்தார். 104-103.

அன்று அவர் களத்தில் எறிந்த 10 பந்தும் உள்ளே. ஃப்ரீ த்ரோ 10க்கு 10. மொத்தம் 31 புள்ளி. இதே மனிதர்தான் ஆட்டத்தின் நடுவே, கீழே விழுந்துகிடந்த கென்டக்கி வீரர் டிம்பர்லேக்கின் நெஞ்சில் மிதித்தார். வெளியே அனுப்பியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. நடுவர் தொழில்நுட்பத் தவற்றோடு விட்டுவிட்டார்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. கென்டக்கி ஆட்டங்களை 1953 முதல் வானொலியில் வர்ணித்தவர் கேவுட் லெட்ஃபர்ட். அந்தப் பருவத்தோடு ஓய்வுபெறுவதாக அறிவித்திருந்தார். ஆக, அவர் வர்ணித்த கடைசிக் கென்டக்கி ஆட்டம் இதுவாகிப்போனது. பந்து விழுந்த சில நிமிடங்களில், வெற்றிக் களிப்பில் இருந்த தம் அணியை விட்டுவிட்டு ஷஷெவ்ஸ்கி, லெட்ஃபர்டின் ஒலிவாங்கியைத் தேடிப் போனார். தோற்ற ஊரின் நேயர்களிடம், அவர்களுடைய பிள்ளைகள் எவ்வளவு அருமையாக ஆடினார்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். ஒளிபரப்பாளர்கள் திரும்பத் திரும்பக் காட்டுவது லேட்னரின் எறிதலை. நான் திரும்பத் திரும்ப நினைப்பது இந்த நடையை.

டியூக் அந்த ஆண்டும் கோப்பையை வென்றது. தோற்றுத் திரும்பிய நால்வரின் சட்டைகளையோ, ஆட்டம் முடிந்து 2 வாரம் ஆவதற்குள் கென்டக்கி தன் அரங்கக் கூரையில் ஏற்றிவிட்டது.