மாட்டுக்குச் செரிக்காத சரக்கு

பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டிய திருப்புட்குழி என்றதும் விஜயராகவப் பெருமாள் நினைவுக்கு வருவார். பக்கத்திலேயே காஞ்சிப் பட்டு. ஆனால் அங்கே அறுவடைக்குப் பின் எழும் வைக்கோல் போரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வேதியியலாளருக்கோ அது ஒரு புதையல்.

வைக்கோலில் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் ஆகியவை உள்ளன. முதல் இரண்டும் சர்க்கரைச் சங்கிலிகள். மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றைப் பிரித்துவிடும். லிக்னின் மட்டும் மசியாது. சாணத்தோடு வெளியேறி, வறட்டியாகி அடுப்பில் எரிகிறது.

காகித ஆலையிலும் இதே கதைதான். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில், 1984 முதல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. காரத்தில் சக்கை வேகும்போது லிக்னின் கரைந்து கருப்புச் சாறாகும். அதைக் கொதிகலனில் எரித்து நீராவி எடுப்பதே காகித ஆலைகளின் வழக்கம். வீணாக்குவதைவிட எரிப்பது மேல். ஆனால் பெயின்ட்டுக்கும் பிளாஸ்டிக்கிற்கும் மருந்துக்கும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பென்சீன் வளையங்கள் லிக்னினில் இயற்கையாகவே கோத்திருக்கின்றன. எரித்தால் மிஞ்சுவது சூடு மட்டுமே.

அந்த வளையங்களைச் சிதைக்காமல் கழற்ற முனைந்தவர்களில் ஒருவர் பாலா சுப்பிரமணியம். சென்னை ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரியில் வேதிப் பொறியியல் படித்து, அமெரிக்காவின் நாட்டர்டேமில் முனைவர் பட்டம் பெற்று, கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 2003-இல் அங்கே சுற்றுச்சூழலுக்கு உகந்த வினையூக்கத்துக்கான மையம் உருவானபோது அதன் நிறுவன இயக்குநர் அவர்தான்.

பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 1998-இல் வகுத்த பசுமை வேதியியலின் 12 நெறிகள், கழிவைப் பின்னால் சுத்தம் செய்வதைவிட முதலிலேயே உண்டாக்காதே என்கின்றன. சுப்பிரமணியத்தின் பணி அந்த வழியில் போனது. கரிமக் கரைப்பானுக்குள் அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் திரவம் உப்பும். குறைந்த கரைப்பானே போதும். மக்காச்சோளத்தட்டை போன்ற புல்லினத் தாவரங்களின் லிக்னினை, உலையின் கொதிப்பு இல்லாமல், ஓசோனால் வெட்டி வெனிலின் எடுக்கும் வழியையும் அவரது குழு ஆராய்ந்தது. ஐஸ்கிரீமில் மணக்கிறதே, அதே வெனிலின்.

நெல்லும் கரும்பும் புல்லினம்தான் என்பதால், இந்த ஆய்வு நமக்கு மிக அருகில் இருப்பதாகவே நினைக்கிறேன். தடைகளும் உண்டு. வைக்கோலில் மணல்போன்ற சிலிக்கா அதிகம். அது குழாய்களில் படியும். லிக்னினை வெட்டினால் பல சேர்மங்கள் கலந்தே வரும். ஒவ்வொன்றாகப் பிரிப்பதில்தான் செலவு ஏறுகிறது.