அவள் என்னதான் வேலை பார்க்கிறாள்?

டாக்டர் என்றால் புரிகிறது. டீச்சர், பாங்க் என்றாலும் புரிகிறது. ‘சிஸ்டம் அட்மினிஸ்டிரேட்டர்’ என்று சொன்னால் மட்டும், எங்கள் காரைக்காலில் இன்னும் பல வீடுகளில் “அப்படின்னா?” என்று கேட்கிறார்கள். என் அக்கா மகள் ஆறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறாள். கம்பெனி சென்னையில். பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துடன் லீவு கிடைத்தது (2017-ல் சட்டத்தைத் திருத்தி 12 வாரத்தை 26 ஆக்கினார்களே, அந்தப் புண்ணியம்). அதன் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு, மாமியார் வீடு இங்கேதான் என்பதால் ஊருக்கே வந்துவிட்டாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. குழந்தைக்கு இப்போது இரண்டு வயது.

“பகலெல்லாம் பெட்டி முன்னாடி உட்கார்ந்திருக்கா. ராத்திரி ரெண்டு மணிக்கும் உட்கார்ந்திருக்கா. அப்படி என்னதான் வேலையோ!” என்று சம்பந்தியம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். பாவம், அவருக்கும் முழங்கால் வலி. ஓடுகிற பிள்ளையைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை. “வேலையை விட்டுட்டா என்ன?” என்ற பேச்சும் வீட்டில் எழுந்துவிட்டது. சரி, அது என்ன வேலை என்றுதான் பார்ப்போமே என்று ஒரு வாரம் அவள் கூடவே இருந்தேன்.

செர்வர் என்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிற நமக்கு இலை மட்டும்தான் தெரியும். கொட்டகைக்குப் பின்னால் கோட்டை அடுப்பு எரிவது தெரியாது. நம் கையிலிருக்கும் செல்போன் அந்த இலை. காஸ் பதிவு செய்வது, ரயில் டிக்கெட் எடுப்பது, பணம் அனுப்புவது எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கேயோ ஓர் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. அதை அணையாமல் பார்த்துக்கொள்வது இவள் பொறுப்பு. இவள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கான புரோகிராமை நடத்துகிறது. பில், மருந்துச் சரக்கு, லேப் ரிப்போர்ட் எல்லாம் அதில் இருக்கின்றன. அடுப்பு அணைந்தால், ரத்தப் பரிசோதனை முடிவுக்காக வார்டு வாசலில் நிற்கிறவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

காலை ஐந்தரைக்கு எழுந்ததும், காபிக்கும் முன்னால் போனைப் பார்க்கிறாள். இரவு ஏதாவது எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று. செர்வர் தான் செய்வதையெல்லாம் கணக்குப்பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டே போகுமாம். பழைய ஏடுகளை அவ்வப்போது கழிக்காவிட்டால் இடம் நிரம்பி வேலையே நின்றுவிடும். குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டே அதைச் சரிசெய்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒன்பதரைக்கு மீட்டிங். அதன் பிறகுதான் அசல் வேலை. புரோகிராமில் புது வெர்ஷன் வந்தால் நேராக ஆஸ்பத்திரி செர்வரில் ஏற்ற மாட்டார்கள். அதே மாதிரி இன்னொரு செர்வர், பொய்ப் பெயர் கொண்ட நோயாளிகளோடு தனியாக இருக்கிறது. முதலில் அதில் ஏற்றி, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்கிற மாதிரி செயற்கையாகக் கூட்டத்தை விடுகிறார்கள். திருநள்ளாற்றில் 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சிக்கு எத்தனை நாள் முன்பே வரிசைக்குத் தடுப்புகள் கட்டினார்கள்! கூட்டம் வந்தபின் கட்டை நட முடியுமா?

நான் இருந்த வாரம் ஒரு புது வெர்ஷன் வந்தது. எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் இவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். “மெமரி கொஞ்சம் கொஞ்சமா ஏறுது சித்தி. இறங்கவே மாட்டேங்குது.” ஒழுகுகிற குழாய்க்கு அடியில் வாளி வைத்தால் எப்படி? அப்படித்தானாம். இரண்டு நாள் ஓடவிட்டாள். மூன்றாம் நாள் காலை வாளி வழிந்தது. குறிப்பெழுதித் திருப்பி அனுப்பிவிட்டாள். அவசரப்பட்டவர்கள் போனில் கத்தினார்கள். இவள் குரலை உயர்த்தவேயில்லை.

இப்படிச் சின்ன விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்ட ஒருவரால்தான் 2024 மார்ச்சில் உலகமே தப்பித்தது. ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற என்ஜினீயர் போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸ் புரோகிராமைச் சோதித்துக்கொண்டிருந்தார். செர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆனது. அரை வினாடிதான்! வேறு யாராவது என்றால் விட்டிருப்பார்கள். அவர் குடைந்து பார்த்தார். ‘எக்ஸ்இசட்’ என்ற, கோப்புகளைச் சுருக்கி வைக்கும் சாதாரணக் கருவிக்குள் திருட்டுக் கதவு ஒன்றை வைத்திருந்தார்கள். வைத்தவர் ‘ஜியா டான்’ என்ற பெயரில் இரண்டு வருஷத்துக்கும் மேலாக உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்தவர். நல்லவிதமாக வேலை செய்து, சாவி எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொள்கிற ஆள் மாதிரி. அவர் யாரென்றே தெரியவில்லை. மார்ச் 29-ல் விஷயம் வெளியானது. டெபியன் என்கிற லினக்ஸில் சோதனைக்கான வெர்ஷன்களில்தான் அது நுழைந்திருந்தது. எல்லோரும் நம்பி உபயோகிக்கிற நிலையான வெர்ஷனுக்கு வந்து சேரவில்லை. சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான் என்று இவள் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சோதனை தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே வருஷம் சாட்சி. ஜூலை 19-ம் தேதி ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ என்ற பாதுகாப்பு புரோகிராம் அனுப்பிய குறையுள்ள கோப்பினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நின்றன. சரிபார்க்கிற ஏற்பாட்டிலேயே ஓட்டை இருந்ததாம். நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. நமக்கு மங்கலமான நாள். இந்தத் தொழிலில் வெள்ளிக்கிழமை புது வெர்ஷன் ஏற்றவே பயப்படுவார்கள். கெட்டுப்போனால் சனி, ஞாயிறில் ஆள் கிடைக்காது.

அப்படியானால் இரவு விழிப்பது ஏன்? மைக்ரோசாப்ட் கம்பெனி மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடுகிறது. அமெரிக்காவில் காலை என்றால் நமக்கு ராத்திரி. புதன், வியாழன் இரண்டு நாளும் இவள் சோதிக்கிறாள். அடுத்த வாரம் புதன் இரவு பதினொன்றுக்கு மேல், ஆஸ்பத்திரிகளில் வேலை குறைந்த நேரமாகப் பார்த்து ஏற்றுகிறாள். சரிவராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பவும் வழி வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறாள். முடிய இரண்டு மணி ஆகிவிடும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர், லைன் போனால் செல்போன் இணைப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டும் கைகொடுக்காமல் தவித்த இரவும் உண்டாம்.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. விழிக்கிற இரவில் பஜ்ஜி, மிக்சர் என்று கொறிக்காமல் இரண்டு இட்லியோ மோர்சாதமோ போதும். எட்டு மணிக்குமேல் காபி வேண்டாம். பிறகு படுத்தாலும் தூக்கம் வராது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது வினாடி பார்க்க வேண்டும் என்று கண் டாக்டர்கள் சொல்கிறார்கள். கொல்லைத் தென்னையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும்விட முக்கியம், மறுநாள் காலை அவளைத் தூங்கவிடுவது. அதுதான் அந்த வீட்டில் நடக்கவில்லை. இரண்டு மணிக்குப் படுத்தவள் ஐந்தரைக்கே பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

சம்பந்தியம்மாவிடம் அடுப்புக் கதையைச் சொன்னேன். லேப் ரிப்போர்ட்டையும் சொன்னேன். முழங்காலுக்காக அவரும் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தவர்தானே. “அப்ப அந்த ராத்திரி பிள்ளை என்கிட்ட படுக்கட்டும். ஆனா காலையில ஓடவிட்டுப் பிடிக்க என்னால ஆகாது” என்றார். அந்த வியாழக்கிழமைக் காலைகளில் பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. பாலை மாப்பிள்ளை காய்ச்சுகிறார். அவருக்கு அது கொஞ்சம் பொங்கி வழிகிறது, பரவாயில்லை. வேலையை விடுகிற பேச்சு இப்போதைக்கு எழவில்லை. அவர்கள் வீட்டு நாட்காட்டியில் அமாவாசை, கிருத்திகையோடு அந்தப் புதன்கிழமையையும் சம்பந்தியம்மாவே பேனாவால் சுழித்து வைத்திருக்கிறார்.