திருத்துவதற்கு முன் எழுதவேண்டிய எண்

அமெரிக்க விமானப்படைத் தளங்களில் ‘பீமெல்’ என்று அழைக்கப்படும் துல்லிய அளவைக் கருவிக் கூடங்கள் உண்டு. மல்டிமீட்டர், பிரஷர் கேஜ், ஆசிலோஸ்கோப், டார்க் ரெஞ்ச் எல்லாம் தவணைப்படி அங்கே வந்து கேலிப்ரேஷன் முடித்துத் திரும்புகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு ரிப்பேர் பட்டறை. ஆனால் ரிப்பேர் அங்கே இரண்டாவது வேலைதான். வந்த கருவி எவ்வளவு பிசகியிருந்தது என்பதை, அதில் கைவைப்பதற்கு முன்பே எழுதிவைப்பதுதான் முதல் வேலை.

டார்க் ரெஞ்சையே எடுத்துக்கொள்வோம். போல்ட் குறித்த இறுக்கத்துக்கு வந்ததும் ‘க்ளிக்’ என்று சத்தம் கொடுக்கும் கருவி அது. உள்ளே இருப்பது ஒரு ஸ்பிரிங். வேலை முடிந்ததும் அளவைக் குறைக்காமல் பெட்டியில் போட்டுவந்தால் ஸ்பிரிங் நாளடைவில் தளரும். கூடத்தில் அதை ஒரு டார்க் உணரியில் மாட்டி, 100 நியூட்டன் மீட்டருக்கு வைத்து, நிதானமாக இழுக்கிறார்கள். 93-லேயே க்ளிக் கேட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய ரெஞ்சில் பொதுவாக ஏற்கப்படும் பிழை 4 சதவீதம், இங்கே 7. திருகைச் சற்றே திருப்பினால் 100-க்கு வந்துவிடும், சில நிமிட வேலை. ஆனால் அந்த 93-ஐ எழுதாமல் திருகைத் தொட்டுவிட்டால், போன கேலிப்ரேஷனுக்குப் பிறகு இந்த ரெஞ்ச் முடுக்கிய போல்ட்டுகள் தேவையைவிடத் தளர்வாக இருக்கலாம் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். எழுதிவிட்டால், எந்தெந்த விமானங்களை மறுபடி பார்க்கவேண்டும் என்று தேடிப் பிடிக்கலாம். அந்த 93-ஐ நம்புவதற்கும் காரணம் உண்டு. கூடத்தின் உணரியும் தன் முறைக்குச் சோதிக்கப்படுகிறது. அந்தச் சங்கிலி ஓஹையோ மாநிலம் ஹீத் நகரிலுள்ள விமானப்படையின் முதன்மைத் தர ஆய்வகம் வழியாகத் தேசிய அளவைத் தரங்கள் வரை போகிறது.

எப்போது சோதித்தாலும் சரியாக இருக்கும் கருவியை ஏன் திரும்பத் திரும்ப அனுப்பவேண்டும், அதுவரை விமானம் காத்திருக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தவணையை நீட்டுவதற்கு ஆதாரமும் அந்தப் பழைய எண்களில்தான் இருக்கிறது. பலமுறை வரம்புக்குள் நின்ற கருவிக்கு இடைவெளியைத் துணிந்து கூட்டலாம். பதிவு இல்லாவிட்டால் அது வெறும் ஊகம்.

கேலிப்ரேஷன் செய்தும் விபத்து நடக்கிறதே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். 2008 பிப்ரவரி 23 அன்று குவாம் தீவின் ஆண்டர்சன் தளத்தில் ஒரு பி-2 குண்டுவீச்சு விமானம் மேலெழும்பும்போதே விழுந்து எரிந்தது. விமானிகள் இருவரும் உயிர் தப்பினர். நஷ்டம் சுமார் 140 கோடி டாலர். காற்றழுத்த உணரிகள் 24-இல் 3-க்குள் ஈரம் புகுந்திருந்தது. ஈரத்தால் பிசகிய அளவை வைத்தே கேலிப்ரேஷன் செய்தார்கள். பிறகு ஹீட்டர் ஈரத்தைப் போக்கிவிட்டது, திருத்தம் மட்டும் தங்கிவிட்டது. கணினி பொய்யான வேகத்தையும் கோணத்தையும் நம்பி விமானத்தின் மூக்கைச் சட்டென்று மேலே தூக்கியது. இது பீமெல் மேசையில் நடந்ததல்ல, விமானத்திலேயே நடந்த வேலை. ஆனாலும் என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று இல்லை: பிசகு ஏன் வந்தது என்று கேட்பதற்கு முன்பே அதை நேராக்கிவிட்டார்கள். முதலில் ஹீட்டரைப் போட்டு உணரிகளை உலர்த்திவிட்டு அளக்கும் உத்தி சில பணியாளர்களுக்கு 2006-லேயே தெரிந்திருந்தது. அது கையேட்டில் ஏறவில்லை. 2008-இல் அந்த விமானத்தைத் தயார் செய்தவர்களை எட்டவும் இல்லை.