பச்சைவீட்டுப் பயிருக்குச் சேதன ஊடகமும் பசளையும்

மாணவர்களே, இரத்தினபுரியின் ஆண்டு மழைவீழ்ச்சி 3,500 மில்லிமீற்றரைத் தாண்டுவது வழக்கம். திறந்த வெளியில் நட்ட தக்காளியும் கறிமிளகாயும் இங்கு எளிதில் அழுகும். மண்ணின் போசணைகளும் கழுவிச் செல்லப்படும். ஆகவே நமது பகுதியில் பச்சைவீட்டின் முதல் வேலை மழையைத் தடுப்பதே, வெப்பத்தைச் சேமிப்பதன்று. குளிர்நாடுகளை மனதில் வைத்து விடை எழுதாதீர்கள்.

ஒரே மண்ணில் மீண்டும் மீண்டும் தக்காளி நட்டால் பற்றீரியா வாடல் போன்ற நோய்கள் பெருகும். இதனால் பொலித்தீன் பைகளில் ஊடகம் நிரப்பி நடுவர். அதில் பெரும்பங்கு தும்புத்தூள். அது தன் நிறையைப் போல் ஏறத்தாழ 8 மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். ஆனால் அதில் உப்பு இருக்கலாம். பலமுறை நன்னீரில் கழுவியே பயன்படுத்த வேண்டும். மேலும் அதன் காபன் – நைதரசன் விகிதம் ஏறத்தாழ 100:1. அதனை உக்கச் செய்யும் நுண்ணங்கிகள் தமக்கு வேண்டிய நைதரசனை ஊடகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடிக்குப் பற்றாக்குறை ஏற்பட்டு முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். "தும்புத்தூள் மட்டும் போதாதது ஏன்?" என்று கேட்டால் இதுவே விடை. நன்கு உக்கிய கூட்டெருவைக் கலப்பது இதற்காகத்தான். கூட்டெருக் குவியலில் கிளிரிசிடியா இலை சேர்த்தால் நைதரசன் கூடும். காற்றோட்டத்துக்கு உமிக்கரி உதவும்.

இனி ஒரு கணக்கு. யூரியாவில் 46% நைதரசன் உண்டு. உலர்ந்த கூட்டெருவில் 1.5% எனக் கொள்வோம். 46 கிலோகிராம் நைதரசனுக்கு யூரியா 100 கிலோகிராம் போதும். கூட்டெருவோ ஏறத்தாழ 3,070 கிலோகிராம் வேண்டும். அதிலும் ஒரு பகுதியே முதற் போகத்தில் பயிருக்குக் கிடைக்கும். சில பைகளுக்கு இது எளிது. ஒரு தோட்டம் முழுவதற்கும்?

2021 மே மாதத்தில் இலங்கையில் அசேதனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2021 இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராமாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022 இல் 251 மில்லியனாகக் குறைந்தது. பசளை விலையேற்றமும் எரிபொருள் தட்டுப்பாடும் இதில் சேர்ந்தன. கொழுந்தின் நிறை குறைந்தபோது பறிப்பவர் கையில் என்ன மிஞ்சியது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். தேயிலைத் தவறணைக்கு மேற்கூறிய கலவை பொருந்தாது. தேயிலைக்கு ஏற்றது பீ.எச். 4.5 – 5.5 உள்ள அமில மண். "சேதனம்தானே" என்று அடுப்புச் சாம்பலைப் போட்டால் பீ.எச். உயர்ந்து, துண்டங்கள் வேர்விடுவது பாதிக்கப்படும்.