பேரன் பேத்தி இல்லாத ஈ

சிவகாசியில் பட்டாசுக்குள் மருந்தை மாதக்கணக்கில் முன்பே அடைத்துவிடுகிறார்கள், வெடிப்பதென்னவோ தீபாவளிக்குத்தான். பழ ஈயின் முட்டைக்குள்ளும் இப்படியொரு காத்திருப்பு உண்டு. விருதுநகர் கடைத்தெருவில் கனிந்த வாழைத்தாரை மொய்க்கிறதே, அந்தப் பொடி ஈதான்.

முட்டையின் நீளம் அரை மில்லிமீட்டர். அதன் பின்முனையில் ஆர்.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த நுண்துகள்கள் இருக்கும். தாய் முன்கூட்டியே வைத்த சரக்கு அது. கருவில் அந்த முனையில் பிரியும் செல்களே பின்னாளில் விந்தணுவையோ முட்டையையோ தரும் இனச்செல்கள். ஏன்? ஒரு காரணம்: நானோஸ் மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. அங்கேதான் புரதத்தை உண்டாக்கும். மற்ற இடங்களில் அது அடக்கப்பட்டு, பிறகு அழிக்கப்படும்.

பின்முனைச் சரக்குதான் இனச்செல்லை உண்டாக்குகிறது என்று எப்படித் தெரிந்தது? 1974இல் இல்மென்சி, மஹோவால்டு என்ற ஆய்வாளர்கள் பின்முனைக் கூழை உறிஞ்சி இன்னொரு முட்டையின் முன்முனையில் செலுத்தினார்கள். தலைப் பக்கத்தில் இனச்செல்கள் முளைத்தன! 1992இல் எஃப்ருசியும் லேமானும் ஆஸ்கர் என்ற ஒரே மரபணுவின் ஆர்.என்.ஏ.வை முன்முனைக்குத் திருப்பி அதையே சாதித்தார்கள். எனக்கு இதுதான் பெரிய சாதனை. ஒரே சாவியில் முழுப் பூட்டும் திறந்துவிட்டதே.

துகள் சரியாக அமையாவிட்டால் குஞ்சு பிறந்து வளரலாம். அதற்குச் சந்ததி இராது. தாய் ஈ பேரன் பேத்தியைக் காணாது.

2009இல் சி. எலிகன்ஸ் புழுவில் பார்த்தபோது, அதிலுள்ள இதேபோன்ற துகள்கள் கெட்டிக் கட்டிகள் அல்ல, ஒன்றோடொன்று கலக்கும் திரவத் துளிகள் என்று தெரிந்தது.

எலியின் முட்டையிலும் மனித முட்டையிலும் இந்தச் சரக்கு கிடையாது. இனச்செல் எது என்பதை அக்கம்பக்கத்துச் செல்கள் அனுப்பும் சமிக்ஞைகளே தீர்மானிக்கின்றன. ஆனால் விந்தணு உருவாகும்போது இதுபோன்ற துகள்கள் தோன்றுகின்றன. அவற்றிலுள்ள பிவி வகைப் புரதங்களை நீக்கினால் ஆண் எலி மலடாகிறது.