உணவும் வாக்கும் சொல்லும்: 1952 திருவில்லிபுத்தூர்த் தேர்தல் காட்டும் ஆய்வுநெறி

நாட்டு நடப்பை விளக்கப் புகுவோர் பெரும்பாலும் தத்தம் துறையின் எல்லையிலேயே நின்றுவிடுகின்றனர். பொருளியலார் விலையையும் விளைவையும் எண்ணிக் காட்டுவர். அரசியலார் கட்சிகளின் வலிமை மெலிமைகளைக் கூறுவர். இலக்கியமும் வரலாறும் பயின்றோர் மக்களின் மரபையும் மனப்பாங்கையும் எடுத்துரைப்பர். இம்மூவர் கூற்றும் மெய்யாயினும், ஒரு நிகழ்ச்சியை முற்ற விளக்க இவற்றுள் யாதொன்றும் தனித்து அமையாது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம். 1952 சனவரியில் நிகழ்ந்த முதற் பொதுத்தேர்தலில், அந்நாள் முதலமைச்சர் பி. எஸ். குமாரசாமி இராசா திருவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோல்வியுற்றமையே அவ்வெடுத்துக்காட்டு.

இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சார்ந்த இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. ஒன்றற்கொன்று அணிமையில் உள்ள ஊர்கள் இவை. 1898-இல் இராசபாளையத்திற் பிறந்த குமாரசாமி இராசா, காந்தியடிகளின் நெறியில் நின்றவர். தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு வழங்கியவர். 1949 ஏப்பிரலில் சென்னை மாநில ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். இத்தகையவர் தம் ஊரை அடுத்த தொகுதியிலேயே தோற்றது எதனால்?

முதற்கண் பொருளியல் விடையைக் காண்போம். போர்க்காலத்தில் தொடங்கிய உணவுத் தட்டுப்பாடு, பின்னர் மழை பொய்த்தமையால் நீடித்தது. அரசு உழவரிடமிருந்து நெல்லைக் கட்டாயமாகக் கொள்முதல் செய்து, பங்கீட்டு முறையில் வழங்கிற்று. 1951-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் ஒருவர்க்கு நாளொன்றுக்குரிய தானிய அளவு 12 அவுன்சிலிருந்து 9 அவுன்சாகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு சூனில் அமெரிக்கா, தானியம் வாங்குதற்பொருட்டு இந்தியாவுக்கு 19 கோடி டாலர் கடன் அளிக்கச் சட்டம் இயற்றிற்று. இராசபாளையமோ, பி. ஏ. சி. இராமசாமி இராசா 1936-இல் நிறுவிய ஆலையால் நூற்புத் தொழில் வேரூன்றிய ஊர். 1947-இல் நாடு பிரிந்தபோது சிந்து, மேற்குப் பஞ்சாபு ஆகிய பருத்தி நிலங்கள் பாகிசுத்தானைச் சேர்ந்தன. 1949-இல் இந்திய நாணய மதிப்புக் குறைக்கப்பட்டபின் அந்நாட்டோடு வாணிகமும் தடைப்பட்டது. இவற்றால் இந்தியப் பஞ்சாலைத் தொழில் இடர்ப்பட்டது. கூலி கொண்டு அரிசி வாங்கும் ஆலைத் தொழிலாளிக்குப் பங்கீடு போதவில்லை. நெல் விளைக்கும் உழவனுக்கோ கொள்முதல் சுமையாயிற்று. ஆகவே ஒரே ஆணை, வாங்குவோன் கொடுப்போன் என்னும் இருவரையும் வருத்தக்கூடியதாய் இருந்தது.

எனினும், பசியே தோல்விக்குக் காரணம் என்று முடித்தல் பொருந்தாது. சட்டமன்றத்தின் 375 இடங்களுள் காங்கிரசு 152 இடங்களைப் பெற்றது. அவற்றுள் தமிழ் மாவட்டங்களில் வென்றவை 96, ஆந்திரப் பகுதியில் 43, மலபாரில் 4. தட்டுப்பாடு மாநிலம் முழுவதற்கும் பொதுவாயிருக்க, முடிவுகள் இவ்வாறு வேறுபட்டமை ஏன்? ஆந்திரப் பகுதியில் மொழிவழி மாநில வேட்கை ஓங்கியிருந்தது. அங்கும் மலபாரிலும் பொதுவுடைமைக் கட்சி வேரூன்றியிருந்தது. பசியை வாக்காக மாற்றும் அமைப்பு எங்கு உண்டோ, அங்கு அதன் விளைவு மிகுந்தது என்க.

அரசியல் பற்றிய மற்றொரு கூறும் உண்டு. 1946-ஆம் ஆண்டுத் தேர்தலில் சொத்து, வரி, கல்வி ஆகியவற்றைச் சார்ந்தே வாக்குரிமை அமைந்தது. 1952-இலோ, 21 அகவை நிரம்பிய அனைவரும் வாக்காளராயினர். பங்கீட்டுக் கடையில் வரிசையில் நின்ற ஏழையரே முதன்முறையாக வாக்குச்சாவடி வரிசையிலும் நின்றனர். தேர்தலின்பின் முதலமைச்சரான இராசாசி, 1952 சூனில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பொருளாதாரம் அரசியலை மாற்றியவாறே, தேர்தலைத் தொடர்ந்து பொருளாதாரக் கொள்கையும் மாறியது. காரணமும் காரியமும் இங்கு ஒரு திசையில் மட்டும் செல்லவில்லை.

இவற்றின்பின்னும் ஒரு வினா எஞ்சுகிறது. மழை பொய்த்தமைக்கு ஆள்வோரைக் குறைகூறுதல் யாங்ஙனம் இயல்பாயிற்று? இதற்கு விடை தேடுவார் இலக்கியத்தை நாடல் வேண்டும். வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனுக்குக் கூறிய செவியறிவுறூஉப் பாட்டு, புறநானூற்றில் 35-ஆவதாக உள்ளது. மழை தவறினும் விளைவு குன்றினும் உலகம் அரசரையே பழிக்கும் என்று அறிவுறுத்தி, புலவர் தம் நிலத்தின்மேல் நின்ற வரிக்கடனை நீக்கிக்கொண்டார் என்பது அதன் செய்தி. விளைச்சல், வரி, ஆட்சியறம் ஆகிய மூன்றும் அங்கு ஒரே பாட்டில் நிற்கின்றன.

‘கட்டுப்பாடு’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. ஊர்க் கட்டுப்பாடு என்பது ஊரார் தாமே கூடி வகுத்துக்கொள்வது. உணவுக் கட்டுப்பாடோ மேலிருந்து வந்த ஆணை. முன்னதில் உடன்பாடு உண்டு. பின்னதில் அஃது இல்லை. ஒரு சொல் தாங்கிவந்த பொருள் இவ்வாறு வேறுபட்டமையை மொழிநூல் அறிந்தாரே எளிதிற் காண்பர்.

இத்துறைகளை இணைத்துக் காணுதல் புதுவழக்கும் அன்று. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருட்டிணதேவராயர், ஆண்டாள் வரலாற்றைத் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ என்னும் காப்பியமாக இயற்றினார். திருவில்லிபுத்தூரைக் களமாகக் கொண்ட அந்நூலில், ஆளவந்தார் தம் மகனுக்கு அரசியல் உரைக்கும் பகுதி ஒன்று உண்டு. ஏரியும் காலும் அமைத்தல், வறிய உழவர்க்கு வரியைக் குறைத்தல், துறைமுகங்களைப் பேணி வாணிகம் வளர்த்தல் ஆகியவை ஆங்குக் கூறப்படுகின்றன. இராசபாளையத்து இராசுக்கள் தெலுங்கை வீட்டுமொழியாக உடையவர்கள். ஆகலின், இப்பகுதியை ஆராய்வார் தமிழோடு தெலுங்கும் அறிதல் நலம்.

ஆயினும் இணைத்தல் வேறு, கலத்தல் வேறு. 1952-இல் வாக்களித்த ஒருவரின் உள்ளத்திற்குப் புறநானூறு சான்றாகாது. எவ்வினாவை எழுப்புதல் வேண்டும் என்பதையே அது நமக்கு உணர்த்தும். விலைக்குப் புள்ளிவிவரமும், வெற்றி தோல்விக்கு வாக்குக் கணக்கும், மக்கள் கருத்துக்கு அவர்தம் பேச்சும் பாட்டும் துண்டறிக்கையுமே உரிய சான்றுகளாம். ஒரு துறையின் சான்றைக் கொண்டு மற்றொரு துறையின் முடிவை நிறுவுதல் வழுவாகும்.

இவற்றுள் கொள்முதற் கணக்கும் வாக்குக் கணக்கும் ஏடுகளில் நிலைத்திருக்கும். அழியும் நிலையில் உள்ளவை மூன்றாம் வகைச் சான்றுகளே. அத்தேர்தலில் வாக்களித்தோருள் இன்று எஞ்சியுள்ளார் அனைவரும் தொண்ணூறு அகவையைக் கடந்தவர். கூப்பனும் வரிசையும் பற்றி அவர்தம் நினைவில் நிற்கும் சொற்களையும் பாடல்களையும் தொகுத்தல், பொருளியல் துறையோ அரசியல் துறையோ தானே மேற்கொள்ளும் பணி அன்று. அது தமிழ்த்துறை மாணவர்க்குரியது. அத்தொகுப்பு இல்லையேல், இத்தோல்வியை எண்களால் அளக்கலாம்; மக்கள் அதனை எவ்வாறு பொருள்கொண்டனர் என்பதை அறிதற்கு வழியில்லாது போகும்.