வெற்றிட வால்வு

கார்த்திகை பிறந்தால் தில்லியின் வானம் சாம்பல் நிறம் கொள்ளும். அம்மாசில் வாகனங்களுக்கும் பங்குண்டு. 1998இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையால் தலைநகரின் பேருந்துகள் டீசலை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறின. பேருந்துகளை ஆணையால் மாற்றலாம். ஒவ்வொரு காரின் பானெட்டையும் திறந்து பார்க்க நீதிமன்றத்தால் இயலாது.

டீசல் எஞ்சினுள் வெப்பம் மிகும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. இவை நுரையீரலை வருத்தும் நச்சுகள். இவற்றைக் குறைக்க, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்துவர். முன்பே எரிந்த அவ்வாயுவில் ஆக்சிஜன் குறைவு. ஆகவே எரிதலின் வெப்பம் தணிகிறது. அதற்கு வழிவிடும் கதவே மறுசுழற்சி வால்வு. பல கார்களில் இக்கதவைத் திறப்பது வெற்றிடம். இங்கு வெற்றிடம் என்பது முழு வெறுமையன்று. புறக்காற்றினும் குறைந்த அழுத்தமே. எஞ்சினால் இயங்கும் பம்பு அதனை உண்டாக்குகிறது. வேண்டிய அளவு அதனைக் கதவுக்கு அனுப்புவது, கணினியின் கட்டளைக்கு இயங்கும் வெற்றிட வால்வு.

கதவு திறந்தபடியே நின்றுவிட்டால் கரும்புகை வரும்; இழுவை குறையும்; ஓட்டுநர் உடனே அறிவார். மூடியபடியே நின்றாலோ வண்டி நன்றாகவே ஓடும். எச்சரிக்கை விளக்கு மட்டும் எரியக்கூடும். ஆதலால், "தகடு வைத்து அடைத்துவிடலாம்" என்று சொல்லும் பட்டறைகளும் உண்டு. மாசுச் சான்றிதழுக்கான சோதனையில் டீசல் வண்டியின் புகைக் கருமையை அளக்கின்றனரேயன்றி, நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதில்லை. எனவே, அடைத்த வண்டிக்கும் சான்றிதழ் கிடைத்துவிடும்! தெருவோரம் நிற்பவர் மூச்சுக்குத்தான் அது தெரியும்.

தொழிலறிந்த மெக்கானிக் முதலில் ரப்பர் குழாய்களைப் பார்ப்பார். தில்லிக் கோடையின் வெயிலும் எஞ்சினின் சூடும் சேர்ந்து அவற்றை வெடிக்கச் செய்யும். குழாய் வெடித்திருக்க வால்வை மாற்றுவது வீண் செலவு. அடுத்து, எஞ்சின் ஓடுகையில் கைப்பம்பால் மறுசுழற்சி வால்வுக்கு நேரே வெற்றிடம் கொடுப்பார். எஞ்சின் தடுமாறினால் கதவு திறக்கிறது என்று பொருள். ஐயம் வெற்றிட வால்வின்மேல் விழும்.

மாற்றும் வேலை எளிது. எஞ்சின் ஆறிய பின் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பம்பிலிருந்து வரும் குழாய் எது, கதவுக்குச் செல்லும் குழாய் எது என்று அடையாளமிட்ட பிறகே அவற்றை உருவ வேண்டும். இடம் மாற்றிச் செருகினால் புதிய வால்வும் வேலை செய்யாது. காஷ்மீரி கேட் கடைவீதியில் உதிரிப்பாகம் வாங்குவோர், பழைய வால்வின் எண்ணோடு ஒப்பிட்டே வாங்குவது நன்று. பொருத்தியபின் எஞ்சினை இயக்கிச் செவிகொடுக்க வேண்டும். 'உஸ்' என்னும் ஓசை கேட்டால் எங்கோ காற்றுக் கசிகிறது. குழாயை மீண்டும் அழுத்திச் செருக வேண்டும்.